கம்பம்வரை வந்த இணையம்

துபாயில் வேலை முடித்து அறைக்குத் திரும்பி, குளித்துச் சாப்பிட்டு உட்காரும்போது இரவு எட்டு மணி. கேரளத்தின் தென்னெல்லை ஊரான பாறசாலையில் அப்போது ஒன்பதரை. நெய்யாற்றின்கரை வட்டத்திலும், எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டின் விளவங்கோடு வட்டத்திலும் வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் வீடுகளில் காணொளி அழைப்பு வருகிற நேரம் அது. ஊரில் எல்லா வீட்டிலும் சினிமாவும் சீரியலும் கிரிக்கெட்டும் ஓடுகிற நேரமும் அதுவே. மகனின் முகம் திரையில் தெரியும், இரண்டு வார்த்தை பேசுவான், மூன்றாவது வார்த்தையில் முகம் உறைந்துவிடும். “கேக்குதா மக்களே?” என்று கேட்டுக்கொண்டே அம்மா கைபேசியுடன் அடுக்களையிலிருந்து முன்பக்கச் சிட்டவுட்டுக்கு நடப்பார். அங்கே வந்தால் குரல் தெளியும். மாதாமாதம் 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிற வீடுகளிலும் இதுதான் நிலைமை.

வேகம் போதவில்லை என்றால் அடுத்த திட்டத்துக்கு மாறுங்கள் என்பதுதான் எங்கும் கிடைக்கிற ஆலோசனை. நூறு போய் இருநூறு, இருநூறு போய் முந்நூறு. பணம் கூடுகிறது, முகம் உறைவது நிற்கவில்லை. இந்த எல்லை ஊர்களில் இணையம் மந்தமாக இருப்பதற்குத் திட்டத்தின் அளவு பெரும்பாலும் காரணமே இல்லை. கம்பத்திலிருந்து வீட்டின் பின்கட்டுவரை இருக்கும் கடைசித் தூரத்துக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை என்பதே காரணம். இரண்டு மாநிலங்கள், இரண்டு மின்வாரியங்கள், இரண்டு தொலைத்தொடர்பு வட்டங்கள் உரசிக்கொள்ளும் இடம் என்பதால், அந்தப் பொறுப்பின்மை இங்கே இரட்டிப்பாகிறது.

வீட்டிலிருந்தே தொடங்கலாம். இந்தப் பகுதியின் வீடுகள் தெருவோடு ஒட்டி வரிசையாக நிற்பவை அல்ல. ஒவ்வொன்றும் தன் விளைக்குள், தென்னையும் பலாவும் மரச்சீனியும் சூழ, சாலையிலிருந்து உள்ளே தள்ளி நிற்கிறது. பல வீடுகளில் முன்பகுதி புதிதாக எழுப்பிய கான்கிரீட்; பின்பகுதி பழைய ஓட்டுக்கட்டு; இரண்டுக்கும் நடுவில் தடித்த மண்சுவரோ வெட்டுக்கல் சுவரோ இருக்கும். இணைப்புக் கொடுக்க வருகிறவர் ஒயர் எந்தச் சன்னல் வழியாக நுழைகிறதோ அந்தச் சன்னலுக்குப் பக்கத்திலேயே ரூட்டரை மாட்டிவிட்டுப் போகிறார். அது எப்போதும் முன்னறைதான். வீட்டுக்காரர் தூசு படாமல் இருக்கட்டும் என்று அதை டிவி அலமாரிக்குள் தள்ளிக் கதவையும் சாத்திவைக்கிறார். படிக்கிற பிள்ளையின் அறையும், அம்மா அதிக நேரம் இருக்கும் அடுக்களையும் வீட்டின் மறுகோடியில்.

வைஃபை என்பது வானொலி அலை. சுவரைக் கடக்கும்போதெல்லாம் வலிமையை இழக்கும். 3 டெசிபெல் இழந்தால் பாதி போயிற்று என்று கணக்கு. கம்பி கட்டிய கான்கிரீட்டும் ஈரம் ஊறிய மண்சுவரும் அதைப்போலப் பல மடங்கு விழுங்கும். வீட்டு ரூட்டர்கள் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டித் தூரம் போகும், ஆனால் நெரிசலானது. ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அதில் 1, 6, 11 என மூன்றே மூன்று. மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத் கருவிகளும் அதே இடத்தில்தான் புழங்குகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவருக்கு அப்பால் மூச்சு வாங்கும். இலவசமாகவோ குறைந்த விலைக்கோ தரப்படும் ரூட்டர்களில் பல இன்னும் 2.4 மட்டுமே கொண்டவை. அப்படி ஒன்றை மாட்டிவிட்டு 100 எம்பிபிஎஸ் திட்டம் போட்டால், பின்னறையில் அதன் பாதியைத் தொடுவதே அரிது.

ஆகவே பழுதைத் தேடுகிற யாரும் முதலில் செய்ய வேண்டியது, ஒரு மடிக்கணினியை லேன் கேபிளால் ரூட்டரோடு நேரே சேர்த்து வேகத்தைப் பார்ப்பது. அங்கே 95 வந்து, அடுக்களையில் 8 வந்தால், குற்றம் வீட்டுக்குள் இருக்கிறது. கூடுதல் பணம் கட்டுவது வீண். ரூட்டரை வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைத்தாலே பல வீடுகளில் பாதிக் குறை தீரும். மீதிக்கு, கடைகளில் விற்கும் ரிப்பீட்டரை வாங்கி நடுவழியில் செருகுவது நல்ல தீர்வல்ல. ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பிவிடும் ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கிவிடும். அதைவிட, முன்னறை ரூட்டரிலிருந்து பின்கட்டுக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, அங்கே இரண்டாவது ரூட்டரை ஆக்சஸ் பாயின்டாக வைப்பது பல மடங்கு மேல். நூறு மீட்டர்வரை அந்தக் கேபிளில் வேகம் குறையாது. அதில் நான்கு கம்பியை மட்டும் சேர்த்துவிட்டு எட்டையும் சேர்த்ததாகச் சொல்கிறவர்கள் உண்டு. நான்கு கம்பியில் 100-க்கு மேல் ஏறவே ஏறாது. இருநூறு எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டிக்கொண்டு பல மாதம் 94-ஐயே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அந்த முனையைக் கழற்றிப் பார்க்கட்டும்.

வீடு கட்டும்போதே சுவருக்குள் ஒரு வெறும் குழாயைப் பதித்துவிட்டால் பிற்பாடு ஒயர் இழுக்கச் சுவரை உடைக்க வேண்டாம். மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் குழாய் போடும் நாம் இதற்கு மட்டும் போடுவதில்லை. கேரளத்தில் லைஃப் மிஷன் வழியாகவும், தமிழ்நாட்டில் கலைஞரின் கனவு இல்லம் வழியாகவும் அரசே ஏழைகளுக்கு வீடு கட்டித் தருகிறது. அந்த வீடுகளின் வரைபடத்தில் இந்தக் குழாயைச் சேர்க்க ஆகும் செலவு மிகச் சொற்பம். கட்டடங்களை அவற்றின் இணைய வசதிக்கேற்பத் தரவரிசைப்படுத்தும் விதிமுறையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 அக்டோபரில் கொண்டுவந்தது. அது பெரிய அடுக்குமாடிகளுக்கு உதவும். வெள்ளறடையில் 400 சதுர அடியில் எழும் வீட்டுக்கு அந்தக் குழாய்தான் உதவும்.

இனி வெளியே கம்பத்துக்கு வருவோம். இந்தப் பகுதியில் இணையத்தை உயிரோடு வைத்திருப்பவர்கள், பைக்கின் பக்கவாட்டில் ஏணியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் லைன்மேன்கள். பெரும்பாலும் உள்ளூர் கேபிள் டிவி ஆபரேட்டரின் ஆட்கள். பெரிய நிறுவனங்களின் பெயர் ரசீதில் இருக்கும், ஏறுகிறவர் இவர்தான். “அண்ணா, செவப்பு லைட்டு மின்னுது” என்று போன் வந்தால் அவருக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும். ரூட்டருக்கு ஒளி வந்து சேரவில்லை.

அப்படி ஒரு மாலையில், குன்னத்துக்கால் பக்கம் ஒரு லைன்மேன் வேலை செய்வதை அருகிலிருந்து பார்த்தேன். ரூட்டரிலிருந்து பச்சை நிற முனையைக் கழற்றிக் கையளவு மீட்டரில் செருகினார். ஒளியின் அளவு மைனஸ் 29 என்று காட்டியது. இந்த வகைக் கருவிகளுக்கு மைனஸ் 27 என்பது ஏறக்குறைய கடைசி எல்லை; மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. பிறகு பேனா போன்ற சிவப்பு லேசர் விளக்கை அந்த முனையில் பொருத்திவிட்டு, ஒயர் போகிற வழியே அண்ணாந்து பார்த்தபடி நடந்தார். பலா மரத்தடியில், கறுப்பு உறைக்குள்ளிருந்து ஊசிமுனை அளவு சிவப்பு ஒளி கசிந்தது. அணில் கடித்த இடம். தலைமுடி பருமனுள்ள கண்ணாடி இழை முழுதாக அறுந்திருக்கவில்லை, கீறியிருந்தது. அறுந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். கீறல் என்பதால் வீட்டுக்காரர் இரண்டு வாரமாக “மழை வந்தா நெட் போவுது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெட்டி, துடைத்து, புது முனை போட்டு மீண்டும் அளந்தார். மைனஸ் 21.

அந்த எண்ணை வீட்டுக்காரரிடம் யாரும் சொல்வதில்லை என்பதே என் குறை. மின்கட்டண ரசீதில் யூனிட் இருக்கிறது, கேஸ் சிலிண்டரில் எடை இருக்கிறது. இணைய இணைப்பில் வீட்டுவாசலுக்கு வந்த ஒளியின் அளவை எந்த ரசீதும் எழுதுவதில்லை. புதிய வாடிக்கையாளருக்குக் கம்பம் தூரமாக இருந்தால், அடுத்த வீட்டுக்கு வரும் இழையிலேயே ஒரு ஸ்பிளிட்டரைச் சேர்த்து இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். பிரிக்கும் ஒவ்வொரு முறையும் இருவருக்கும் பாதிக்கும் குறைவான ஒளியே மிஞ்சும். சன்னல் கம்பியைச் சுற்றி இழையை மடக்கிக் கட்டினாலும் ஒளி கசியும். இணைப்புக் கொடுத்த அன்றைக்கு இருந்த அளவை ஒரு சீட்டில் எழுதி ரூட்டரில் ஒட்டிவிட்டால், ஆறு மாதம் கழித்து என்ன கெட்டது என்று யாருக்கும் சண்டை வராது.

மழையும் இடியும் இந்த மண்ணின் நிரந்தர விருந்தாளிகள். அக்டோபர், நவம்பரில் துலாவர்ஷ இடி விழும் மாலைகளில், பழைய செம்புக்கம்பி இணைப்பு இருந்த நாட்களில், மோடம்கள் கூட்டமாகக் கருகின. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் அந்தத் தொல்லை குறைந்திருக்கிறது. ஆனாலும் இழையைத் தாங்கும் எஃகுக்கம்பி வழியாகவும், ரூட்டரின் அடாப்டர் வழியாகவும் மின்னல் உள்ளே வரும். வானம் இருட்டினால் அடாப்டரைப் பிளக்கிலிருந்து எடுத்துவிடுவதே பாதுகாப்பு. கரண்ட் போகும் நேரங்களில் ரூட்டர் அணையாமல் இருக்க 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்று போதும். இதெல்லாம் வீட்டுக்காரர் கையில் உள்ளவை. கம்பம் சாய்ந்தால் அவர் என்ன செய்வார்? 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது குமரி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் விழுந்தன. மின்சாரத்தையும் செய்தியையும் ஒரே கம்பம் சுமந்தால் இரண்டும் ஒன்றாகவே விழும். பொழியூரிலிருந்து தூத்தூர்வரை, கடலுக்குப் போனவர்களின் செய்திக்காக வீடுகள் காத்துக்கிடந்த நாட்கள் அவை.

வீடும் சரி, கம்பமும் சரி, ஆனாலும் இரவு ஒன்பதரைக்கு மட்டும் தடுமாறுகிறது என்றால், நோய் இன்னும் மேலே இருக்கிறது. வீடுகளுக்கு வரும் ஃபைபர் இணைப்பில் பெரும்பாலும் புழங்கும் ஜிபான் தொழில்நுட்பத்தில், ஒரு இழையின் 2.5 ஜிபிபிஎஸ் வேகத்தை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. அது பெரிய சிக்கல் அல்ல. எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தையும் கேட்பதில்லை. சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில். கிராமத்து ஆபரேட்டரின் அறையிலிருந்து நகரத்துக்குப் போகும் பொதுப்பாதையை அவர் எவ்வளவு வாங்கியிருக்கிறார் என்பதில் இருக்கிறது. 200 வீடுகளுக்கு 1 ஜிபிபிஎஸ் பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் சேர்ந்து பார்க்கிற நேரத்தில் ஒரு வீட்டுக்கு 5 எம்பிபிஎஸ். அந்த வீட்டின் திட்டம் நூறாக இருந்தால் என்ன, முந்நூறாக இருந்தால் என்ன?

இதற்கு ஒரு வரம்பு உண்டு. வீட்டு இணைப்புகளில் ஒரே பாதையை 50 பேர்வரை, வணிக இணைப்புகளில் 30 பேர்வரை பகிரலாம் என்று டிராய் 2009-இல் வழிகாட்டியது. அந்தக் கணக்கில் 100 எம்பிபிஎஸ் வாங்கியவருக்கு நெரிசல் நேரத்தில் மிஞ்சுவது 2 எம்பிபிஎஸ். பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்ச வேகம் 512 கேபிபிஎஸ் என்றிருந்ததை மத்திய அரசு 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ் ஆக்கியது. ஒரு காணொளி அழைப்புக்கு அதுவே ஏறக்குறைய போதும்தான், அது ஏறி இறங்காமல், போகும் வழியிலும் வரும் வழியிலும் சீராகக் கிடைத்தால். விளம்பரப் பலகைகள் உச்ச வேகத்தை எழுதுகின்றன. துபாயில் இருக்கிற மகனுக்குத் தேவை இரவு ஒன்பதரையின் சீர்மை. அதை எந்தப் பலகையும் எழுதுவதில்லை.

அரசுகள் சும்மா இருக்கவில்லை. ஊராட்சிகளுக்கெல்லாம் கண்ணாடி இழை கொண்டுபோகும் தேசியத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2011-இல் ஒப்புதல் தந்தது. பிறகு அது பாரத்நெட் ஆயிற்று. 2015 ஜனவரியில் அந்தத் திட்டத்தில் முழுமை பெற்ற முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்டது கேரளத்தின் இடுக்கி. 2017-இல் கேரள அரசு இணையத்தைக் குடிமக்களின் உரிமை என்று அறிவித்தது. 2019 செப்டம்பரில், கோழிக்கோடு மாவட்டத்துக் கல்லூரி விடுதி மாணவி ஒருவர் கைபேசிக் கட்டுப்பாட்டை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின், தனியுரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. 2023 ஜூன் 5 அன்று கேரள அரசின் இணையத் திட்டமான கேஃபோன் தொடங்கப்பட்டது. கேரள மின்வாரியத்தின் கம்பங்களிலும் கோபுரங்களிலும் இழையை ஓட்டி, 30,000 அரசு அலுவலகங்களை இணைத்து, 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாகத் தருவது இலக்கு. சுமார் 1,548 கோடி ரூபாய்த் திட்டம்.

அந்த 20 லட்சத்தில் முதல் கட்டமாக வைக்கப்பட்டது 14,000 குடும்பம். சட்டமன்றத் தொகுதிக்கு நூறு. கேரளத்தின் தொகுதி எண்கள் வடக்கே மஞ்சேஸ்வரத்தில் ஒன்றில் தொடங்கி, தெற்கே நெய்யாற்றின்கரையில் 140-இல் முடிகின்றன. பாறசாலைத் தொகுதிக்குள் அம்பூரியின் மலையோரமும், நெய்யாறு நீர்த்தேக்கத்துக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் காணிக்குடிகளும், எல்லையோரத்துச் சந்தை ஊர்களும் வருகின்றன. இத்தனைக்கும் நடுவில் நூறு வீடு என்பது ஒரு தொடக்கம் மட்டுமே. 2025 ஆகஸ்டில் கேரளம் தன்னை முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்தது. சுமார் 21.8 லட்சம் பேருக்கு, அவர்களில் பலர் முதியவர்கள், கைபேசியில் காணொளி அழைப்பு எடுக்கவும் பேசவும் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். மனதார வணங்க வேண்டிய வேலை. கற்றுக்கொண்ட பாட்டியின் திரை உறையாமல் இருக்க வேண்டும் என்பது அந்த வேலையின் மறுபாதி.

எல்லைக்கு இந்தப் பக்கத்தில், தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் பாரத்நெட் இரண்டாம் கட்டப் பணியைத் தமிழ்நாடு அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் எடுத்துச் செய்கிறது. அதன் பணிகள் 2022 டிசம்பரில் குமரி மாவட்டத்தின் முத்தலக்குறிச்சியில்தான் தொடங்கிவைக்கப்பட்டன. ஆக, பாறசாலையிலிருந்து சிறிது தூரத்தில் ஒன்று, களியக்காவிளையிலிருந்து சிறிது தூரத்தில் ஒன்று என, இரண்டு அரசு இழைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. இரண்டும் தத்தம் மாநில எல்லைக்குள் வரையப்பட்டவை.

இந்த ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. கால்வாயின் தலை ஒரு மாநிலத்தில், கடைமடை இன்னொன்றில். 2004-இல் தண்ணீர் நின்றது. 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மதகைத் திறக்கிறவருக்கும் நிலத்துக்காரருக்கும் நடுவே ஒரு கோடு விழுந்துவிட்டால், கடைமடைக்காரர் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் நிற்பார். இணையத்தில் இன்று நடப்பதும் அதுவே.

தொலைபேசியின் கதையும் அப்படித்தான். பாறசாலை 0471, குழித்துறை 04651. எட்டிப்பிடிக்கும் தூரத்து ஊருக்கு எஸ்டிடி போட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. கைபேசி வந்த பிறகு, களியக்காவிளைக் கடைக்காரரின் போன் பாறசாலைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டால் ரோமிங் பணம் போயிற்று. 2015 ஜூன் 15 முதல் பிஎஸ்என்எல் ரோமிங்கில் வரும் அழைப்புகளை இலவசமாக்கியது. அதே ஆண்டு ஜூலை 3 முதல் எண்ணை மாற்றாமல் நாடு முழுக்க வட்டம் மாறலாம் என்றானது. மற்ற நிறுவனங்களும் ரோமிங் கட்டணத்தைக் கைவிட்டன. பணப் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

பொறுப்புப் பிரச்சினை தீரவில்லை. சேவைத் தரம் குறித்து டிராய் 2024-இல் கொண்டுவந்த புதிய விதிமுறைகளில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. ஒரு மாவட்டத்தில் கைபேசிச் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் பெரிய அளவில் முடங்கினால் வாடிக்கையாளருக்கு நிவாரணம் தர வேண்டும். மாதக் கட்டணக்காரருக்குக் கழிவு, முன்பணக்காரருக்குக் கூடுதல் நாட்கள். யாருக்கு? அந்த மாவட்டத்தில் பதிவான வாடிக்கையாளருக்கு. மார்த்தாண்டத்தில் சிம் வாங்கி, இஞ்சிவிளையில் கல்யாணம் ஆகிக் குடியிருக்கும் பெண் எந்தக் கணக்கில் வருவார்? திருவனந்தபுரம் மாவட்டத்தின் கோபுரம் விழுந்தால் அவர் பேச முடியாமல் இருப்பார். நிவாரணப் பட்டியலில் அவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். எல்லைக்கு இருபுறமும் பெண் கொடுத்து, பெண் எடுத்து வாழ்கிற ஊர்களில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். நிவாரணத்தைப் பதிவு மாவட்டத்தை வைத்துக் கணக்கிடாமல், முடங்கிய கோபுரத்தில் வழக்கமாக இணைந்திருந்த எண்களை வைத்துக் கணக்கிடலாம். அந்தக் கணக்கு நிறுவனங்களின் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது.

தோண்டுகிறவர்களும் எல்லை பார்ப்பதில்லை. கரமனை–களியக்காவிளை சாலை விரிவாக்கம் ஆண்டுக்கணக்காகக் கட்டம் கட்டமாக நடக்கிறது. கழக்கூட்டத்திலிருந்து வரும் புறவழிச்சாலை காரோட்டில் முடிய, அதற்கு அப்பால் தமிழ்நாட்டுப் பகுதி நான்குவழிச்சாலை நீண்ட காலம் இழுத்துக்கொண்டிருந்தது. ஜேசிபி ஒரு முறை மண்ணைக் கிண்டினால் ஒரு ஊரின் இணையம் அறுபடுகிறது. தோண்டுமுன் புதைந்துள்ள கேபிள்களின் உரிமையாளருக்குத் தகவல் தரும் செயலியை மத்திய அரசு 2023 மார்ச் 22 அன்று தொடங்கியது. சாலை ஒப்பந்தங்களில் அதைக் கட்டாய நிபந்தனையாக்கி, அறுத்த இழைக்கு ஒப்பந்ததாரரே நட்டஈடு தர வேண்டும் என்று எழுதினால் ஒழிய அது கைபேசியில் தூங்கும்.

அறுபடுவதைத் தடுக்கவே முடியாது என்று வைத்துக்கொண்டாலும், அறுபட்டால் மாற்றுவழி இருக்க வேண்டும். கண்ணாடி இழை வலையமைப்பை வளையமாக அமைப்பதன் நோக்கமே அது. ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் வழியாகச் சுற்றிவரும். ஒரு மாநிலத்தின் விளிம்பில் வளையம் போட இடமில்லை, எல்லைக்கோடு வெட்டிவிடுகிறது. விளிம்பு ஊர்களுக்கு மிஞ்சுவது ஒற்றைவழி வால். இஞ்சிவிளையையும் களியக்காவிளையையும் ஒரு குறுகிய இழையால் இணைத்தால், இரண்டு வாலும் சேர்ந்து ஒரு வளையம் ஆகும். திருவனந்தபுரம் பக்கம் அறுந்தால் நாகர்கோவில் வழியாக, நாகர்கோவில் பக்கம் அறுந்தால் திருவனந்தபுரம் வழியாக. பள்ளிகள், ரேஷன் கடைகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஆகியவற்றுக்கு மட்டுமாவது இந்த மாற்றுவழி முதலில் கிடைக்க வேண்டும். ரேஷன் கடையின் இ-போஸ் இயந்திரம் சுற்றிக்கொண்டே நிற்கும்போது வரிசையில் நிற்பவர் கூலிவேலையை விட்டுவிட்டு வந்தவர். கேஃபோனும் டான்ஃபிநெட்டும் அரசு நிறுவனங்கள். தண்ணீரைப் போல ஒருவர் எடுத்தால் மற்றவருக்குக் குறையும் பொருள் அல்ல இது. இரு பக்கமும் லாபம் பெறும் ஓர் ஒப்பந்தத்துக்கு இவ்வளவு எளிய வாய்ப்பு எல்லையில் அடிக்கடி அமைவதில்லை.

ஏணிக்காரரை மறந்துவிட்டு இதில் எதுவும் நடக்காது. அவர் ஏறுவது மின்கம்பம். மேலே உயிருள்ள மின்கம்பி, கீழே அவர் கட்டும் இழை. கையுறையும் இடுப்புப் பட்டையும் இல்லாமல், மழை விட்ட ஐந்தாவது நிமிடத்தில், வாடிக்கையாளரின் வசையைக் கேட்டபடியே ஏறுகிறார். இணைப்புக்கு இவ்வளவு என்று கமிஷன் பெறுகிற முறையில், புதிய இணைப்பு கொடுத்தால் அவருக்குக் காசு. பழைய இணைப்பைப் பழுதுபார்த்தால் பெட்ரோல்தான் செலவு. அதனால்தான் புதிய வீட்டுக்கு மறுநாளே வருகிறவர் பழுதுக்கு நான்காம் நாள் வருகிறார். பழுதுநீக்கத்துக்கும் ஊதியம், விபத்துக் காப்பீடு, மின்வாரியம் தரும் பாதுகாப்புப் பயிற்சி ஆகிய மூன்றையும் கம்பத்தைப் பயன்படுத்த அனுமதி தரும்போதே மின்வாரியங்கள் நிபந்தனையாக வைக்கலாம். கம்பத்துக்கு வாடகை வாங்குகிற வாரியத்துக்கு அந்தக் கம்பத்தில் ஏறுகிற உயிரின்மேலும் பொறுப்பு இருக்கிறது.

அளவீட்டுக்கும் ஆள் இருக்கிறார்கள். தனுவச்சபுரம் ஐடிஐ மாணவர்களும், டிஜிட்டல் எழுத்தறிவுக்காக வீடு வீடாகப் போன தன்னார்வலர்களும் ஒரே ஒரு வாரம், இரவு ஒன்பதரை மணிக்கு, வார்டுக்குப் பத்து வீட்டில் வேகத்தைக் குறித்துக் கிராம சபையில் வைக்கட்டும். எந்த நிறுவனம் எந்த வார்டில் எவ்வளவு தருகிறது என்று சுவரில் ஒட்டப்பட்டால், அடுத்த மாதமே பொதுப்பாதை அகலமாகும். எல்லைக்கு இந்தப் பக்கம் பளுகலிலும் மேல்புறத்திலும் இதைச் செய்ய எந்த அரசாணையும் தேவையில்லை.

இழை இணைப்புக்கு மட்டும் மேலிடத்து உத்தரவு வேண்டும். திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர்கள் இருவரும் தத்தம் மின்வாரியப் பொறியாளர்களையும் கேஃபோன், டான்ஃபிநெட் அலுவலர்களையும் ஒன்றாக எல்லையோரம் நடக்கவிட வேண்டும். பனச்சமூட்டில் தொடங்கி, பளுகல், களியக்காவிளை, ஊரம்பு வழியாகக் கடற்கரைவரை. எந்தக் கம்பம் யாருடையது, எந்த இழை எங்கே நிற்கிறது, எங்கே இரண்டையும் சேர்க்கலாம் என்று ஒரே வரைபடத்தில் குறிக்க வேண்டும். ஜூன் மாத இடவப்பாதி மழைக்கு முன் வரைபடம், துலாவர்ஷத்துக்கு முன் களியக்காவிளையில் முதல் இணைப்பு.